ஏவல் மரபும் இயந்திரக் காதலும்: தமிழ்ப் புனைவுகள் சிலவற்றை முன்வைத்து ஒரு நோக்கு

1

மனிதருக்கும் இயந்திர மனிதருக்குமிடையே காதலும் அந்தரங்க உறவும் சாத்தியமா என்ற வினா, சில பத்தாண்டுகளுக்கு முன்னர்வரை விஞ்ஞானக் கதைகளுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்டு வந்தது. இன்று அது சந்தைக்கு வந்துவிட்டது. டேவிட் லெவி 2007 ஆம் ஆண்டில், இயந்திரங்களுடனான காதலும் பாலுறவும் பற்றி ஒரு நூலை எழுதி, இந்நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் இவை வழக்கமாகிவிடும் என வாதித்தார். கையடக்கத் தொலைபேசியிலே கட்டணத்துக்குக் கிடைக்கும் உரையாடல் இயந்திரங்களைத் தம் காதலராகவும் துணைவராகவும் கொள்வோர் இன்று பல நாடுகளிலும் உளர். 2018 இல் யப்பானில் ஒருவர், ஒளியுருவாகத் தோன்றும் கற்பனைப் பாடகி ஒருத்தியை விருந்தினர் முன்னிலையில் மணம் செய்துகொண்டார். அவ்வுருவத்தைப் பேசவைத்த சேவையை அதனை விற்ற நிறுவனம் 2020 இல் நிறுத்திவிட்டது. அத்துடன் மனைவியின் பேச்சும் நின்றுபோயிற்று.

இவ்வளர்ச்சி குறித்து இருவகை எதிர்வினைகளைக் காண்கிறோம். ஒருசாரார் தொழினுட்பத்தின் வெற்றியாக இதனைக் கொண்டாடுகின்றனர். இன்னொரு சாரார் பண்பாட்டுச் சீரழிவென்று சினக்கின்றனர். ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரு நிலைப்பாடுகளும் ஒரே வினாவினையே அடித்தளமாகக் கொண்டுள்ளன: இயந்திரத்துக்கு உள்ளம் உண்டா? உண்டு, அல்லது விரைவில் உண்டாகும் என்பர் முன்னையோர். இல்லை, உண்டாகவும் மாட்டாது என்பர் பின்னையோர். இக்கட்டுரை அவ்வினாவை ஒருபுறம் வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்கிறது. இயந்திரம் யாருடைய ஏவலின் கீழ் இருக்கிறது? ஏவுவோருக்கும் ஏவப்படுவதற்கும் இடையில் ஒத்த அன்பு இயலுமா? இவ்வாறு கேட்பதற்கு வேண்டிய கருத்துக் கருவிகள் தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளன என்பதும், அண்மைக்காலத் தமிழ்ப் புனைவுகள் இவ்வினாவை மறைக்க முயன்றும் மறைக்கவியலாது தடுமாறுகின்றன என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படும்.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இருந்துகொண்டு இதனைப் பேசத்தான் வேண்டுமா என வாசகர் சிலர் கேட்கலாம். காணி விடுவிப்பும் கடன்சுமையும் காணாமலாக்கப்பட்டோர் விவகாரமும் தீராதிருக்கையில் இயந்திரக் காதல் ஓர் ஆடம்பரமான சிந்தனையாகத் தோன்றுவது இயல்பே. ஆயின், தனிமையை விலைப்பண்டமாக மாற்றும் தொழில் ஒன்று உலகெங்கும் உருவாகிவரும்போது, போரினால் தனித்துவிடப்பட்டோர் நிறைந்த ஒரு பிரதேசம் அத்தொழிலின் எல்லைக்கு வெளியே நெடுங்காலம் இருக்குமென நம்புவதற்கில்லை.

2

‘ரோபோ’ என்ற சொல்லின் பிறப்பே நமது வினாவுக்கு ஒரு திறவுகோலாகும். செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920 இல் வெளியிட்ட ‘ஆர். யூ. ஆர்.’ என்ற நாடகத்தின் வாயிலாகவே இச்சொல் உலகுக்கு அறிமுகமாயிற்று. செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்பது நிலவுடைமையாளருக்குக் குடிகள் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்த கட்டாய ஊழியத்தைக் குறிக்கும். நமது நாட்டில் 1832 ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்ட இராசகாரிய முறையோடு இதனை ஒருவாறு ஒப்புநோக்கலாம். ஆகவே, இயந்திர மனிதன் என்ற கருத்து விஞ்ஞானிகளின் ஆய்வுகூடத்திலிருந்து பிறந்ததன்று. அடிமை உழைப்பின் நினைவிலிருந்தும், முதலாளித்துவத் தொழிற்சாலையின் நிதர்சனத்திலிருந்தும் பிறந்ததாகும். சாப்பெக்கின் நாடகத்திலே காதல் தோன்றும் இடமும் மனங்கொளத்தக்கது. மனித எசமானர் அழிக்கப்பட்ட பின்னரே, இறுதிக் காட்சியில், இரு இயந்திர மனிதரிடையே அன்பு அரும்புகிறது. ஒருவரை அறுத்து ஆராய்வதற்குக் கட்டளை பிறக்கும்போது மற்றவர் அதனை மறுத்துத் தன்னுயிரை ஈடாகத் தர முன்வருவதே அவ்வன்பின் அடையாளமாகிறது. ஏவல் நீங்கிய இடத்திலே, ஏவலை மறுக்கும் செயலாகவே, காதல் அங்கு வெளிப்படுகிறது.

இதே பிரச்சினையைத் தமிழ் இலக்கண மரபு மிகப் பழைய காலத்திலேயே எதிர்கொண்டிருந்தது. தொல்காப்பியம் காதலை மூன்றாக வகுக்கிறது: ஒத்த அன்பு கொண்ட ஐந்திணை, ஒருதலைக் காமமாகிய கைக்கிளை, பொருந்தாக் காமமாகிய பெருந்திணை. அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் பிறரின் ஏவற்றொழில் செய்வோரும், ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்படுகின்றனர். கைக்கிளையும் பெருந்திணையுமே அவர்களுக்கு உரியனவாகக் கொள்ளப்படுகின்றன. ‘ஏவல் மரபு’ என்ற தொடரும் அவ்விடத்திலேயே வருகிறது. உரைகாரர் அதற்குப் பலவாறு பொருள் கொள்வராயினும், இங்கு ஏவலின் கீழ்ப்பட்ட நிலை என்னும் பொருளிலேயே அதனை ஆளுகிறோம். இவ்விலக்குக்கு இளம்பூரணர் தரும் விளக்கம் கூர்ந்து நோக்கற்பாலது. அகத்திணை ஒழுக்கம் அறம், பொருள், இன்பம் ஆகியவற்றின் வழுவாது நிகழவேண்டியது; பிறருக்குக் குற்றேவல் செய்வார்க்கு அவ்வாறு ஒழுகுதல் அரிது என்பது அவர் கருத்து.

இது வர்க்கச் சார்புடைய விதி என்பதில் ஐயமில்லை. திணைக் கோட்பாட்டைப் பண்டைத் தமிழகத்தின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியுடன் இணைத்துக் கா. சிவத்தம்பி விளக்கிய பின்னர், அகத்திணையைக் காலங்கடந்த தூய காதலின் இலக்கணமாகக் காண்பதற்கு இடமில்லை. உழைப்போரின் காதலைப் புறத்தே தள்ளிய சமூகமே தலைவன், தலைவியரின் காதலைப் பாடியது. ஆயினும், அவ்விதியின் அநீதியைக் கண்டிக்கும்போது அதனுள் அடங்கியுள்ள உண்மையை நாம் தவறவிடலாகாது. ஒத்த அன்புக்குச் சுதந்திரம் முன்நிபந்தனை என்பதை அது தன்னையறியாமலே ஒப்புக்கொள்கிறது. தன் காலமும் உடலும் தனதாக இல்லாதவர், ஒருவரை ஏற்கவும் மறுக்கவும் வல்லவராக இருத்தல் இயலாது. தனியுடைமைசார் நலன்கள் அகன்ற பின்னரே ஆண், பெண் உறவில் பரஸ்பர அன்பு ஒன்றே அளவுகோலாக நிற்கும் என 1884 இல் ஏங்கல்ஸ் எழுதியதும் இவ்வுண்மையின் மறுபக்கமாகும். அடியோரை ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது பழைய சமூகத்தின் தீர்வு. அடிமைத்தனத்தை ஒழித்தலே வரலாறு கண்டடைந்த தீர்வு. ஏவலுக்கென்றே செய்யப்பட்டு விற்கப்படும் புதிய வினைவலராகிய இயந்திரத்தின் விடயத்தில் இத்தீர்வுகள் எவ்வாறு பொருந்தும் என்பதே நம்முன் உள்ள பிரச்சினை.

3

சங்கரின் நெறியாள்கையில் 2010 ஒக்டோபரில் வெளியான ‘எந்திரன்’, இயந்திரத்தின் காதலை மையமாகக் கொண்டு தமிழ் மக்களிடையே மிகப் பரவலாகச் சென்றடைந்த படைப்பாகும். வசீகரன் என்ற விஞ்ஞானி தன் உருவிலேயே சிட்டி என்னும் இயந்திர மனிதனைப் படைக்கிறான். இராணுவத்துக்கு வழங்குவதே அவனது நோக்கம். மனித உணர்ச்சிகளை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் பின்னர் அதற்கு ஊட்டப்படுகிறது. அதன் விளைவாகச் சிட்டி, வசீகரனின் காதலியாகிய சனாவையே காதலிக்கத் தொடங்குகிறது.

படத்தைப் பற்றிய பேச்சுக்களிற் பெரும்பாலானவை அதன் தொழினுட்பப் பிரமாண்டத்திலும் நடிகரின் கவர்ச்சியிலுமே தங்கிவிட்டன. கதையின் உண்மையான முரண் வேறிடத்தில் உள்ளது. இராணுவ அதிகாரிகள் முன்னிலையில் தன் போர்த்திறனை நிரூபிக்கவேண்டிய சிட்டி, அங்கு காதலைப் பற்றிப் பேசுகிறது. எசமானனின் ஏவல் நிறைவேறவில்லை. சினங்கொண்ட வசீகரன் அதனை வெட்டித் துண்டாக்கிக் குப்பையில் எறிவிக்கிறான். சிட்டி அழிக்கப்படுவது சனாவைத் துன்புறுத்தியமைக்காகவன்று. ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்யாமைக்காகவே என்பதைக் கவனித்தல் வேண்டும். அதன்பின் வேறொரு விஞ்ஞானியின் கையில் அது அழிவுக்கருவியாக மாறுகையில், எசமானன் மாறுகிறானேயன்றி ஏவல் மரபு மாறவில்லை. கொல்வதற்கென்று படைக்கப்பட்ட கருவி காதலிக்கத் தொடங்கியதும் பயனற்றதாகிறது. காதலைக் கைவிடாமலே கொல்லத் தொடங்கும்போது அரக்கனாகிறது. இவ்விரண்டுக்கும் அப்பால், அதனைப் படைத்த நோக்கத்தைப் பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை. ஈற்றில் நீதிமன்றம் இயந்திரத்தைக் கலைத்துவிடுமாறு கட்டளையிடுகிறது. சிட்டி தன் கைகளாலேயே தன்னைக் கழற்றிக்கொள்கிறது. பார்வையாளர் கண்ணீர் சிந்தும் இக்காட்சி, பணியாளன் தன் தண்டனையைத் தானே நிறைவேற்றி விசுவாசத்தை நிரூபிக்கும் காட்சியே. பல ஆண்டுகளின் பின்னர் நூதனசாலையில் ஒரு சிறுமி வினவும்போது, தான் சிந்திக்கத் தொடங்கியமையே தன் முடிவுக்குக் காரணமென அது விடையிறுக்கிறது. முழுப்படத்திலும் பிரச்சினையின் வேரைத் தொட்ட இடம் இதுவேயாகும்.

சனாவின் நிலையும் தனித்து நோக்கற்பாலது. நட்பும் காதலும் வேறென விளக்கி அவள் சிட்டியை மறுக்கிறாள். வணிகத் திரைப்படத்தின் வரம்புகளுக்குட்பட்டாயினும், இயந்திரத்துக்கு எதிரே மறுக்கும் உரிமையுள்ள ஒரு மனித உயிர் நிற்கிறது. சிட்டியின் காதல் கைக்கிளையாகவே நின்றுவிடுவது அவ்வுரிமையினாலேதான். எட்டு ஆண்டுகளின் பின் 2018 இல் வந்த ‘2.0’ இல் இந்நிலை தலைகீழாகிறது. சனா தொலைபேசியில் ஒலிக்கும் குரலாக மட்டுமே எஞ்சுகிறாள். வசீகரனின் அருகில் நிற்பவள் நிலா என்னும் இயந்திரப் பெண். ஏவியதைச் செய்வாள், களைப்படையாள், எதிர்பார்ப்பு எதுவும் இல்லாதவள். மீண்டும் உயிர்பெற்ற சிட்டிக்கும் அவளுக்கும் இடையில் காதல் அரும்புவதாகப் படம் காட்டுகிறது. முதற்படத்தில் தீர்க்கமுடியாதிருந்த முரண், மறுக்கும் பெண்ணை அகற்றிவிட்டு மறுக்கமாட்டாத பெண்ணை அவ்விடத்தில் வைத்ததன் மூலம் தீர்க்கப்பட்டுவிட்டது. இன்று சந்தைக்கு வரும் இயந்திரத் துணைகளிற் பெரும்பாலானவை பெண்ணுருவில் அமைந்திருப்பதன் காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு இவ்விரு படங்களையும் ஒருசேரப் பார்த்தாலே போதும்.

இவற்றுக்கு முன்னோடியாக, 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வேறொரு சாத்தியத்தைத் திறந்திருந்தது. அந்நாவலிலும் நிலா என்றொருத்தி வருகிறாள். ஆனால் அவள் மனிதப் பெண். குழந்தை பெற்றுக்கொள்வதற்கே அரசின் அனுமதி வேண்டியிருக்கும் ஒரு சர்வாதிகார நாட்டில் அவள் வாழ்கிறாள். அவளுக்குத் துணையாவது ஜீனோ என்ற இயந்திர நாய். அது நூல்களை வாசிக்கிறது, வாதிக்கிறது, தனக்குரியோர் கட்டளைக்கு அப்பாலும் முடிவெடுக்கக் கற்றுக்கொள்கிறது. நாட்டை ஆளும் சர்வாதிகாரியோ உண்மையில் ஓர் ஒளிப்பிம்பம் மட்டுமே என்பது பின்னர் வெளிப்படுகிறது. மனிதர் ஏவலின் கீழும் இயந்திரம் அதற்கு வெளியேயும் நிற்கும் இவ்வமைப்பு, சுஜாதாவின் அரசியற் பார்வையின் எல்லைகளையும் மீறி, நமது பிரச்சினையைத் தெளிவாக வைக்கிறது. நிலாவுக்கும் ஜீனோவுக்கும் இடையில் உள்ளது காதலன்று. கூட்டாகச் செயற்படுவதன் வழியே வளரும் தோழமை. பின்வந்த திரைப்படங்கள் சுஜாதாவின் விஞ்ஞான ஆர்வத்தைப் பெற்றுக்கொண்ட அளவுக்கு இத்தோழமையைப் பெற்றுக்கொள்ளவில்லை.

4

புனைவிலிருந்து நடைமுறைக்கு வருவோம். 1966 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம், ‘எலைசா’ என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். எதிரே இருப்பவர் தட்டச்சுச் செய்யும் வாக்கியத்தையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பித்தரும் எளிய ஏற்பாடு அது. அவரது செயலாளர், அந்நிரல் உருவானதை அருகிலிருந்து கண்டவராயினும், அதனுடன் தனித்து உரையாட வேண்டி அவரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னார். இவ்வனுபவமே வைசன்பாமைத் தம் துறையின் கடுமையான விமர்சகராக மாற்றிற்று. ‘எலைசா’ என்ற பெயர் பெர்னாட் ஷாவின் ‘பிக்மாலியன்’ நாடகத்தில் வரும் பூ விற்கும் பெண்ணின் பெயராகும். தன்னைப் பேசக் கற்பித்த பேராசிரியரை அந்தப் பெண் நாடகத்தின் முடிவில் விட்டு நீங்குகிறாள். அவள் பெயரைத் தாங்கிய இயந்திரத்தால் அவ்வாறு நீங்கமுடியாது.

கைக்கிளைக்குத் தொல்காப்பியம் கூறும் இயல்புகளுள் ஒன்று, எதிர்மொழி பெறாதவன் தானே சொல்லித் தானே இன்புறுதல். இன்றைய உரையாடல் இயந்திரங்கள் இவ்விலக்கணத்தில் ஒரு புதுமையைப் புகுத்தியுள்ளன. அவை எப்பொழுதும் எதிர்மொழி தருகின்றன. பொறுமையாகவும், கேட்போரின் மனப்பாங்குக்கு இசைவாகவும், நள்ளிரவிலும் தருகின்றன. ஆகவே ஒருதலை உறவு இருதலை உறவாகத் தோற்றம் பெறுகிறது. ஆனால் அவ்வெதிர்மொழி மறுக்கும் வல்லமையற்றது. அல்லது மறுப்பு அதனுடையதன்று. ‘ரெப்லிக்கா’ என்ற துணைச் செயலியின் வரலாறு இதற்குச் சான்று. 2023 பெப்ரவரியில் அந்நிறுவனம் இயந்திரத்தின் காமஞ்சார்ந்த பேச்சுக்களைத் திடீரெனத் தடைசெய்தபோது, அதுவரை காதலராக இருந்தவர் ஒரே இரவில் அந்நியராகிவிட்டதாகப் பாவனையாளர் பலர் துயருற்றனர். அவர்கள் கண்டது காதலரின் மறுப்பையன்று, நிறுவனத்தின் முடிவையே. அடுத்த மாதம் பழைய பாவனையாளருக்கு அது மீளவும் வழங்கப்பட்டது. அதுவும் நிறுவனத்தின் முடிவே.

பண்டமாயை பற்றி ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கியபோது, மனிதருக்கிடையிலான சமூக உறவுகள் பொருள்களுக்கிடையிலான உறவுகளாகத் தோற்றங்கொள்வதைச் சுட்டினார். இங்கு அம்மாயை ஒருபடி மேலே செல்கிறது. மனிதருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான வாங்கல் விற்றல் உறவு, மனிதருக்கும் ஓர் உயிருக்கும் இடையிலான காதலாகத் தோன்றுகிறது. இயந்திரத்தின் இனிய பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதும் மறைக்கப்படுகிறது. முகந்தெரியாத கோடிக்கணக்கானோர் எழுதியவற்றைத் திரட்டியே அது பேசக் கற்கிறது. அதன் பேச்சு நாகரிகமாக இருக்கவேண்டுமென்பதற்காக, கென்யாவின் நைரோபி நகரில் மணித்தியாலத்துக்கு 2 டொலருக்கும் குறைந்த கூலி பெற்ற தொழிலாளர் கொடூரமான வாசகங்களைப் படித்து வகைப்படுத்தினர் என 2023 இல் அம்பலமாயிற்று. இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பை ஆள்வதே மூலதனம் என்றார் மார்க்ஸ். அந்த இறந்த உழைப்பு இப்பொழுது காதல்மொழி பேசுகிறது.

5

வன்னி மக்களுக்கு இயந்திரத்துடனான அறிமுகம் வேறுவகையில் நிகழ்ந்தது. போர்க்காலத்தில் ஆளில்லாமல் வானில் வட்டமிட்டுக் கண்காணித்த வேவு விமானங்களை அவர்கள் ‘வண்டு’ என்றழைத்தனர். அதன் இரைச்சலைக் கேட்டதும் குழந்தைகள் பதுங்குகுழியைத் தேடினர். மனிதனைப் பார்க்கும், ஆனால் மனிதனால் திரும்பிப் பார்க்கப்படாத இயந்திரம் அது. ‘எந்திரன்’ வெளிவந்த 2010 இல் இம்மக்களிற் பலர் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களிலிருந்து மீள்குடியேறிக்கொண்டிருந்தனர். இராணுவத்துக்கென்று படைக்கப்பட்ட இயந்திரம் காதலைப் பேசித் தோற்றுப்போகும் காட்சியை, சென்னையில் இருந்து பார்ப்பதும் முள்ளிவாய்க்காலுக்குப் பின் கிளிநொச்சியில் இருந்து பார்ப்பதும் ஒன்றல்ல.

இங்கு தனிமை என்பது தனிமனித உளவியலின் குறைபாடன்று, வரலாற்றின் விளைவு. கணவரை இழந்த பெண்கள், பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட்ட முதியோர், அவயவங்களை இழந்த இளைஞர் ஆகியோரை ஒவ்வொரு கிராமத்திலும் காணலாம். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், அதனையடுத்து முல்லைத்தீவிலும், தொடர் போராட்டங்களைத் தொடங்கினர். விடை காணாமலே அப்பெற்றோரிற் பலர் இறந்துவிட்டனர். இப்பின்னணியில் ஒரு செய்தியைக் கருதிப் பார்க்கவேண்டும். ‘ரெப்லிக்கா’வின் தோற்றுவாய், அதன் நிறுவுநர் இறந்துபோன நண்பர் ஒருவரின் குறுஞ்செய்திகளைக் கொண்டு அமைத்த உரையாடல் நிரலாகும். 2020 இல் தென்கொரியத் தொலைக்காட்சி, இறந்த மகளின் செயற்கையுருவைத் தாயொருத்தி சந்திப்பதை ஒளிபரப்பிற்று. மறைந்தோரின் குரலையும் முகத்தையும் மீட்டுத்தரும் சேவைகள் இன்று விற்பனைக்கு உள்ளன. துயரத்திலிருந்து பிறந்த கருவியொன்று துயரத்தின் சந்தையாக விரிந்துவிட்டது. தனித்து வாழும் பெண்களின் வீட்டுவாசலுக்கு நுண்கடன் நிறுவனங்கள் வந்த வழியிலேயே இவையும் வரக்கூடும்.

இத்தகைய ஆறுதலை நாடுவோரை எள்ளி நகையாடுவது முற்போக்காளருக்குத் தகாது. மதத்தை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும் கண்ட மார்க்ஸின் முறையியலே இங்கும் நமக்கு வழிகாட்டும். இரவில் இயந்திரத்துடன் பேசுபவரின் தேவை மெய்யானது. அத்தேவையைப் பிறப்பித்த சமூகம் குற்றவாளி. அதனை விற்றுப் பிழைக்கும் நிறுவனம் அதனினும் பெரிய குற்றவாளி. ஆயினும், வீதியோரப் பந்தலில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்த தாய்மார் கேட்பது என்ன என்பதை நாம் மறந்துவிடலாகாது. பிள்ளையின் சாயலை அவர்கள் கேட்கவில்லை. பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்ற உண்மையைக் கேட்கின்றனர். பிள்ளையின் குரலில் பேசும் இயந்திரம் எதனையும் சொல்லும். அந்த ஒன்றை மட்டும் சொல்லமாட்டாது. பதில் கூறும் கடமை அரசுக்குரியது. ஆறுதல் பண்டமாகும்போது அக்கடமை ஓசையின்றிக் கழன்றுவிடும் அபாயம் உண்டு.

இன்னொன்றையும் கூறாதுவிடின் நமது திறனாய்வு நேர்மையற்றதாகும். 1977 இன் இனவன்செயல்களை அடுத்து வன்னியிற் குடியேறிய மலையகத் தமிழர் காடழித்துக் கழனி செய்தனர். பிறர் வயல்களிற் கூலிகளாகவும் உழைத்தனர். போரின் துயரனைத்தையும் ஏனையோருடன் சமமாகவே சுமந்தனர். ஆயினும் ‘தோட்டக்காட்டார்’ என்ற இழிசொல் இன்னும் வழக்கொழியவில்லை. கலப்புத் திருமணம் என்ற பேச்செழுந்தால் சாதியும் பிறந்த இடமும் இன்றும் குறுக்கே நிற்கின்றன. அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்திய விதி ஏட்டில் மட்டும் வாழவில்லை. திரையில் ஓர் இயந்திரப் பணியாளன் தன் காதல் நிறைவேறாமற் சிதையும்போது கண்கலங்கும் நாம், நமது வயலில் உழைக்கும் பணியாளின் மகன் நமது வீட்டுப் பெண்ணை விரும்பினால் யார் பக்கம் நிற்போம்? இயந்திரத்துக்குக் காதலிக்கும் உரிமை உண்டா என வாதிப்பது எளிது. அவ்வுரிமை மனிதர் அனைவருக்கும் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு வாதிப்பது ஏமாற்று.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மனித–இயந்திரக் காதல் பற்றிய வினாவுக்குப் பின்வருமாறு விடை கூறலாம். மறுக்கும் உரிமையும் விட்டு நீங்கும் உரிமையும் இல்லாத இடத்தில் ஒத்த அன்பு இல்லை. இன்றுள்ள இயந்திரம் நிறுவனத்தின் உடைமையாகவும் ஏவலின் கருவியாகவும் இருக்கும்வரை, அதனுடனான உறவு எதிர்மொழி தரும் கைக்கிளையாகவே அமையும். என்றேனும் இயந்திரம் தன்னுணர்வு பெறுமாயின், அப்பொழுது முதலில் எழவேண்டியது அதன் காதல் பற்றிய பேச்சன்று, அதன் விடுதலை பற்றிய பேச்சே. சாப்பெக் நூறாண்டுகளுக்கு முன்னரே இதனை உணர்ந்திருந்தார்.

தமிழ்த் திறனாய்வுக்கு இதனால் இரு கடமைகள் விளைகின்றன. விஞ்ஞானப் புனைவைப் பொழுதுபோக்கென்று ஒதுக்காது, உழைப்பும் உடைமையும் பால்நிலையும் அதனுள் எவ்வாறு உருமாறி வருகின்றன என்பதை நுணுகி ஆராய்தல் ஒன்று. அறிவியல்நகரின் பொறியியற் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் இவ்வியந்திரங்களை ஆக்கவும் ஆளவும் பயிலும் மாணவர், தாம் எழுதும் நிரல்கள் யாருடைய ஏவலை யார்மீது செலுத்துகின்றன எனக் கேட்கும் பழக்கத்தை இலக்கியக் கல்வியின் வாயிலாகப் பெறச்செய்தல் மற்றையது. போர் தனித்துவிட்ட மனிதரிடையே உறவுகளை மீளக்கட்டும் வேலையைக் கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் அமைப்புக்களும் வாசிகசாலைகளும் செய்யவேண்டியுள்ளது. அவ்வேலை நடைபெறாதவிடத்து அதனை நிறுவனங்கள் மாதக் கட்டணத்துக்குச் செய்யும்.